ஒன்று நெஞ்சில், ஒன்று கையில்: வாசகர் கேள்வி பதில்

கைக்குழந்தையைத் துணியால் உடம்போடு கட்டிக்கொண்டு மூத்த பிள்ளையையும் பார்ப்பது பற்றி வந்த கடிதங்கள் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகளுக்கு இரண்டரை வயது, தம்பிக்கு ஏழு கிழமை. கீழே வைத்தால் அழுகிறான். மகளுக்குச் சோறு தீத்தக் கை இல்லை. ஏணை இருக்கிறது, ஆட்டுவதற்கு ஆள் இல்லை. சாரியால் கட்டலாம் என்கிறார்கள். எந்தச் சாரி, எப்படிக் கட்டுவது?
*— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி*

நூல் சாரிதான் வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரி நன்றாகப் பொருந்தும். நைலோன், ஜோர்ஜட், பட்டு மூன்றும் வழுக்கும், முடிச்சு இளகும். பழைய சாரி என்றால் வெயிலில் விரித்துப் பிடித்துப் பாருங்கள். இழை தேய்ந்து வெளிச்சம் கூடுதலாகத் தெரியும் இடம் இருந்தால் அந்தச் சாரி வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பலமாக இழுத்தும் பாருங்கள்.

சாரியின் நீளம் ஏறக்குறைய 5 மீற்றர், அது போதும். அகலம்தான் கூட. அதை இரண்டாக மடித்துக் கட்டுகிறவர்கள் உண்டு. நம் ஊர்ச் சூட்டுக்கு இரட்டைத் துணி ஆகாது. நீளவாக்கில் வெட்டி 70 சென்ரிமீற்றர் அகலத்தை எடுத்து, வெட்டிய ஓரத்தை மெல்லியதாக மடித்துத் தையுங்கள். சரிகைக் கரை இருந்தால் அது வெட்டிக் கழிக்கும் பக்கத்தில் போகட்டும், இல்லையென்றால் பிள்ளையின் கழுத்தை உரசும். மிஞ்சும் துண்டை எறிய வேண்டாம். நீளத்தின் சரிபாதியில், மேல் ஓரத்தில், வேறு நிற நூலால் ஒரு அடையாளம் தையுங்கள்.

அந்த அடையாளத்தை நெஞ்சின் நடுவில் வையுங்கள். இரண்டு முனைகளையும் கக்கத்தின் கீழால் முதுகுக்குக் கொண்டுபோய், அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே எடுத்து, எதிர்த் தோளால் முன்னுக்கு விடுங்கள். முறுக்கு விழக்கூடாது. தோளில் துணி கயிறுபோல் நிற்காமல், தோள் மூட்டுவரை விரிந்து படிய வேண்டும். இப்போது நெஞ்சுக்கு முன்னால் ஒரு பை இருக்கும். உங்கள் கை மட்டும் நுழையும் அளவுக்கு அதை இறுக்கிவிட்டுத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும்.

பிள்ளையைத் தோளில் உயரமாகப் போட்டு, மேலிருந்து பைக்குள் இறக்குங்கள். கால்கள் உங்கள் உடம்பின் இரு பக்கமும் வரட்டும். துணியின் கீழ் ஓரத்தைப் பிள்ளையின் குண்டிக்குக் கீழால், உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு சாண் உள்ளே செருகி, ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மற்ற முழங்கால் மடிப்புவரை விரியுங்கள். மேல் ஓரம் காதின் கீழ் மட்டத்தில், பிடரியைத் தாங்கி நிற்க வேண்டும்.

பிறகு ஒரு கை பிள்ளையின் முதுகில் இருக்க, மற்றக் கையால் இறுக்குங்கள். வலத்தோளில் தொங்கும் முனையை இழுத்தால் இறுகுவது இடப்பக்கம். மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று பகுதி பகுதியாக இழுங்கள்; மொத்தமாக இழுத்தால் ஓரம் இறுகும், நடு தொய்யும். கடைசியாக முனைகளைப் பிள்ளையின் குண்டிக்குக் கீழே குறுக்காக எடுத்து, கால்களுக்குக் கீழால் முதுகுக்குக் கொண்டுபோய் இரட்டை முடிச்சுப் போடுங்கள்.

கட்டும்போது வரும் பிழைகளில் பெரியது தொய்வு. தொய்ந்தால் பிள்ளை சுருண்டு கீழே இறங்கும், அதன் நாடி (மோவாய்) அதன் நெஞ்சிலேயே முட்டும். இந்த வயதில் மூச்சுக்குழல் ஒடுக்கமானது, மென்மையானது. நாடி முட்டினால் அது மடியும், பிள்ளை சத்தமில்லாமல் மூச்சடைக்கும். ஆகவே நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். குனிந்தால் நெற்றியில் கொஞ்ச முடிய வேண்டும். முகத்தைத் துணி மறைக்கக் கூடாது. நிமிர்ந்து நிற்கும்போது பிள்ளையைப் பிடிக்கக் கை தேடுகிறதென்றால் கட்டு தொய்ந்திருக்கிறது, அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

முதலில் மூன்று கிலோ அரிசிப் பையை வைத்து நாலைந்து தரம் பழகுங்கள். பிள்ளையை வைத்துக் கட்டும் முதல் நாட்களில் கட்டிலோரம் நின்று, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கட்டுங்கள். மாதம் நிறையுமுன் பிறந்த பிள்ளை, 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை, மூச்சுக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் வைத்தியரிடம் கேட்காமல் கட்ட வேண்டாம். சளியால் மூக்கடைத்த நாளிலும் வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தாலோ துவண்டு கிடந்தாலோ உடனே அவிழ்த்துவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

தம்பியைக் கட்டியதும் மூன்று வயது மகன் “உம்மா, என்னையும் தூக்குங்க” என்று காலைப் பிடித்து இழுக்கிறான். எனக்கு சிசேரியன். எப்படிச் சமாளிப்பது?
*— கல்முனை வாசகி*

தூக்க வேண்டாம். சிசேரியனுக்குப் பிறகு முதல் ஆறு கிழமையும் கைக்குழந்தையை விடப் பாரமான எதையும் தூக்கக் கூடாது, மூன்று வயதுப் பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ இருப்பான். கட்டுவதற்கும் காயம் ஆறியதா என்று கிளினிக்கிலோ குடும்பநல மாதுவிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளையை உயரமாகக் கட்டினால் துணி தொப்புளுக்கு மேலேயே நிற்கும், காயத்தில் படாது.

அவன் கேட்பது உயரத்தை அல்ல, உங்களைத்தான். நீங்கள் கீழே இறங்குங்கள். இடுப்பை வளைத்துக் குனிந்தால் சின்னவன் துணிக்குள்ளிருந்து சரிவான். ஒரு கையைச் சின்னவன் தலைக்குப் பின்னால் வைத்து, முழங்காலை மடித்துக் குந்துங்கள். காயம் வலித்தால் சிறிய பலகையில் இருங்கள். அவன் முதுகுப் பக்கமாக வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளட்டும், அல்லது தொடையில் இருக்கட்டும். கட்டிலில் ஏற, கை கழுவ, சிறிய முக்காலி ஒன்று போட்டுக் கொடுத்தால் “தூக்கு” என்ற பேச்சில் பாதி குறையும்.

கட்டுவதற்கு முந்திய கால் மணித்தியாலம்தான் முழு நாளையும் தீர்மானிக்கிறது. சின்னவனுக்குப் பால் கொடுத்து, ஏவறை விட்டு, பம்பர்ஸ் மாற்றுங்கள். பெரியவனை ஒண்ணுக்குப் போக விடுங்கள். நீங்களும் போய் வந்து, தண்ணீர் குடியுங்கள். பெரியவனின் தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், மாற்று ஜங்கி எல்லாம் உங்கள் இடுப்பு மட்டத்தில் இருக்கட்டும். நிலத்தில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் குந்தி எழும்ப வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு கட்டுங்கள். கட்டிக்கொண்டு நடக்கும்போதே பால் கொடுக்க வேண்டாம். இருந்து, கட்டை இளக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளையை உயர்த்தித் திரும்ப இறுக்குங்கள்.

முன் பதிலில் மிஞ்சிய துண்டு என்றோமே, அதில் ஒரு மீற்றர் வெட்டி அவனுடைய பொம்மையை இடுப்போடு கட்டிவிடுங்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டக் கூடாது. விளையாடும்போது பார்த்துக்கொள்ளுங்கள், தூங்குமுன் அவிழ்த்துவிடுங்கள். முடிச்சுக்குப் பின் உங்கள் முதுகில் தொங்கும் முனைகளையும் செருகி வையுங்கள். கை எட்டினால் பெரியவன் இழுப்பான்.

கச்சான் சூட்டுக்காற்று வீசும் மாதங்களில் கட்டினால் பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டுகிறது.
*— ஏறாவூர் வாசகி*

இரண்டு உடம்பும் ஒட்டியிருக்கும்போது சூடு போக வழி குறைவு. துணியையும் ஒரு சட்டையாகக் கணக்கிடுங்கள்: பிள்ளைக்கு மெல்லிய கையில்லாப் பெனியன் போதும், தொப்பி, காலுறை வீட்டுக்குள் வேண்டாம். உங்களுக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டு வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். பகல் 11 மணியிலிருந்து 3 மணிவரை கட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள். கை, கால் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அது சுட்டு ஈரமாக இருந்தால், முகம் சிவந்தால், பிள்ளை வழமையை விடச் சோர்ந்தால் உடனே இறக்குங்கள். ஆறு மாதத்துக்குள் தண்ணீர் கொடுப்பதில்லை, தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். வெயில் காலத்தில் ஒரே தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து.

பேரப்பிள்ளையைக் கால் அகட்டிக் கட்டுகிறா மருமகள். கால் வளைந்து போகாதா?
*— ஒரு அம்மம்மா, திருக்கோவில்*

போகாது, அம்மா. பச்சைப் பிள்ளையின் கால் பிறப்பிலேயே சற்று வளைந்ததுதான், இரண்டு வயதளவில் தானாக நிமிரும். இடுப்பு மூட்டுக்கு நல்லது, முழங்கால் குண்டியை விட உயர்ந்து, தவளை இருப்பதுபோல் இருக்கும் நிலை. கால்களை நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவதுதான் மூட்டுக் குழியிலிருந்து எலும்பை விலக்கக் கூடியது. தொடை முழுவதையும் துணி தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கட்டிக்கொண்டே சமைக்கலாமா? மோட்டார் சைக்கிளில் போகலாமா? கல்லடிக் கடற்கரைக்கு இரண்டு பிள்ளைகளோடும் போகலாமா?
*— மட்டக்களப்பு நகர வாசகர்*

மோட்டார் சைக்கிளில் கூடாது. கட்டுத் துணி விபத்தில் பிள்ளையைக் காக்காது, முன்னால் நீங்கள் விழுந்தால் உங்கள் பாரம் பிள்ளை மேல்தான்.

அடுப்படியில் மரக்கறி கழுவலாம், பருப்புப் புடைக்கலாம். தாளிப்பது, பொரிப்பது, சோறு வடிப்பது, சூடான தேத்தண்ணி குடிப்பது எதுவும் நெஞ்சில் பிள்ளையோடு வேண்டாம். கிணற்றில் தண்ணி அள்ளுவதும் அப்படித்தான், குனிய வேண்டி வரும்.

கடற்கரையும் வாவிக்கரையும் வேறு கதை. பெரியவன் தண்ணீருக்கு ஓடினால் நீங்கள் பின்னால் பாய முடியாது. முதுகில் போட்ட இரட்டை முடிச்சை அந்த நேரத்தில் அவிழ்க்கவும் முடியாது. இன்னொரு பெரியவர் வந்து, மூத்த பிள்ளையின் கையை அவர் பிடித்திருந்தால் போங்கள். தனியாக என்றால் மதிலும் கேற்றும் உள்ள முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.