சங்கு, குரல்வளை, மூச்சுக்குழாய்: எது எங்கே இருக்கிறது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்புச்சிக்குக் (தாத்தாவுக்கு) கோவையில் ட்ரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் துளையிடும் சிகிச்சை) செய்திருக்கிறார்கள். அறிக்கையில் உள்ள 'ட்ரக்கியா' என்ற சொல்லுக்கு ஒருவர் தொண்டை என்கிறார், இன்னொருவர் குரல்வளை என்கிறார். 'சங்குல ஓட்டை போட்டுட்டா சோறு எப்படிக் கண்ணு எறங்கும்?' என்று அமுச்சி (பாட்டி) அழுகிறார். அவருக்கு எந்தச் சொல்லால் விளக்குவது?"

மூச்சுக்குழாய் என்பதே சரியான சொல். மூச்சுக்குழல் என்று எழுதினாலும் அதுவே. தொண்டை என்பது வாய்க்கும் மூக்குக்கும் பின்னால் காற்றும் உணவும் சேர்ந்து செல்லும் பொதுவழி. அதன் அடியில் வழி இரண்டாகப் பிரிந்து, முன்புறம் குரல்வளையும் பின்புறம் உணவுக்குழாயும் தொடங்குகின்றன. நம் பக்கத்துப் பேச்சில் சங்கு என்பது பெரும்பாலும் கழுத்தின் முன்னே புடைத்து நிற்கும் குரல்வளையைத்தான் குறிக்கிறது. அங்கிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கினால், கெட்டியான ஒரு வளையத்தைத் தாண்டியதும் வரிவரியாகத் தட்டுப்படுவதுதான் மூச்சுக்குழாய்.

பெரியவர்களுக்கு இது ஏறக்குறைய 10 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். இதில் உள்ள 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல், குதிரை லாடம் போலப் பின்புறம் திறந்திருக்கும். அந்தத் திறப்பை மூடியுள்ள மென்தசையை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது. கறிக்கடையில் ஆட்டின் நுரையீரலோடு தொங்கும் வரிவரியான வெண்குழாயை அமுச்சி பார்த்திருப்பார். அதைச் சொன்னால் உடனே பிடிபடும். ட்ரக்கியா என்ற கிரேக்கச் சொல்லின் பொருளும் 'சொரசொரப்பானது' என்பதே.

சுவாசக்குழாய் என்ற சொல்லை இந்த இடத்தில் நான் தவிர்ப்பேன். ஆஸ்துமாவில் சுருங்கும் கிளைக்குழாய்களையும் அதே சொல்லால் குறிப்பதால், துளை எங்கே இடப்பட்டது என்பது குழம்பிவிடும். மூச்சுக்குழாய்த் துளை என்று எழுதுங்கள்.

அமுச்சியிடம் இப்படிச் சொல்லலாம்: "சங்குக்குக் கீழ, மூச்சுப் போற குழாயிலதான் ஓட்டை போட்டிருக்காங்க. சோறு போற குழாய் அதுக்குப் பின்னால தனியா இருக்குது." ஆனால், குழாய் வேறு என்பதற்காக வாய்வழியாக எதையும் கொடுத்துவிடக் கூடாது. இந்த நிலையில் விழுங்கும் திறன் குன்றியிருக்கலாம். உணவு மூச்சுக்குழாய்க்குள் நழுவினால் பெரும் தீங்காகும். ஆகவே, மருத்துவர் அனுமதிக்கும் வரை ஒரு கரண்டித் தண்ணீர்கூட வேண்டாம்.

அப்புச்சி உதட்டை அசைத்தும் ஓசை வராதபோது, குரல்வளையை வெட்டிவிட்டார்களோ என்று அமுச்சி அஞ்சக்கூடும். வெளிவிடும் காற்று குரல் நாண்களை எட்டுவதற்கு முன்பே துளை வழியாக வெளியேறிவிடுவதால்தான் பேச்சு எழவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லி, கட்டிலருகே ஒரு சிலேட்டையும் பலப்பத்தையும் வைத்துவிடுங்கள்.