பிரீமியப் பணத்தைச் சேமித்து வைத்தால் போதாதா?

கேள்வி: எனக்கு வயது 42. மனைவி, இரண்டு குழந்தைகள், 70 வயதுத் தாயார் உடன் இருக்கிறார்கள். அலுவலகத்தில் குழுக் காப்பீடு உண்டு. நோய்நொடி இல்லாத நாங்கள் தனியாக மருத்துவக் காப்பீடு எடுப்பது வீண் செலவல்லவா? அந்தப் பிரீமியத்தைச் சேமித்து வைத்தால் போதாதா?

பதில்: சேமிப்பு வளர்வதற்கு ஆண்டுகள் வேண்டும், நோய் அதுவரை காத்திருக்காது. மாதந்தோறும் நீங்கள் ஒதுக்கும் தொகை, மூன்றாம் ஆண்டில் வரும் ஓர் இதய அறுவைச் சிகிச்சைக்குக் காணாது. காப்பீடோ, காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்தபின் சில சிகிச்சைகளுக்குப் பணம் தராத தொடக்கக் காலம்) முடிந்ததும், அதுவரை நீங்கள் கட்டியது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், முழுக் காப்பீட்டுத் தொகைக்கும் உங்களை உரியவராக்கிவிடுகிறது. க்ளெய்ம் செய்யாத ஆண்டின் பிரீமியம் வீணாகிவிட்டதென்று பலர் குறைப்படுவதுண்டு. மருத்துவமனைக்குப் போக நேராததற்காக ஒருவர் ஏன் வருந்த வேண்டும் என்பது எனக்கு விளங்குவதில்லை.

அலுவலகக் காப்பீடு பொதுவாக வேலை இருக்கும் வரைதான். வேலையை விடும் வயதில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சேர்ந்திருந்தால், புதிய பாலிசி மறுக்கப்படலாம், அல்லது பிரீமியம் கூடலாம். ஆகவே நலமாக இருக்கும் இப்போதே எடுப்பதுதான் சரி.

தாயாருக்குத் தனிப் பாலிசி எடுங்கள். குடும்ப ஃபுளோட்டரில் (குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே பொதுத்தொகை உள்ள பாலிசியில்) பெரும்பாலும் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படுகிறது. அதோடு, அவருடைய ஒரு சிகிச்சையிலேயே பொதுத்தொகை தீர்ந்துபோனால், அந்த ஆண்டு குழந்தைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

கையெழுத்திடும் முன் அறை வாடகை வரம்பை, அதாவது மருத்துவமனை அறைக்குப் பாலிசி தரும் உச்ச வாடகையை, கட்டாயம் பாருங்கள். பில் கைக்கு வரும்போது பலரைத் திகைக்க வைப்பது இதுதான். வரம்பைப்போல் இரு மடங்கு வாடகையுள்ள அறையை நீங்கள் எடுத்தால், சில பாலிசிகளில் வாடகையோடு நில்லாமல், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியைத்தான் தருவார்கள். காப்பீட்டுத் தொகை ஏராளமாக மீதமிருந்தாலும் எஞ்சியது உங்கள் பொறுப்பே. அத்தகைய வரம்பு இல்லாத பாலிசிக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்டுவதில் தவறில்லை.

விண்ணப்பத்தில் பழைய நோய் எதையும் மறைக்க வேண்டாம். க்ளெய்ம் நிராகரிக்கப்பட அது ஒன்றே போதும். சேமிப்பையும் விட்டுவிடாதீர்கள், கோ-பே (பில்லில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு), பாலிசியில் அடங்காத செலவுகள் ஆகியவற்றுக்கு அது தேவைப்படும். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால், கடந்துவந்த காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கக்கூடும் என்பதால், பிரீமியம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே செல்லும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.