கரை நீரும் ஆழ்கடல் நீரோட்டமும் கலக்காதா? திருகோணமலையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: “தை மாதம் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தேன். மலையிலிருந்து பார்த்தபோது மூதூர்ப் பக்கக் கடல் பழுப்பும் பச்சையுமாக இருந்தது, வெளியே கடும் நீலம், நடுவே தெளிவான ஒரு கோடு. வெளியே ஓடும் வெப்ப நீரோட்டமும் கரை நீரும் ஒன்றோடொன்று கலக்காதா? அந்தக் கோட்டைப் படகில் தாண்டுவது ஆபத்தா?”

கலக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலும் கலந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது நாம் நினைப்பதைவிட மிக மெதுவாக நடக்கிற வேலை.

முதலில் ஒரு எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். “இரண்டு சமுத்திரங்கள் சந்தித்தும் கலக்காத அதிசயம்” என்று ஒரு படம் குடும்பக் குழுக்களில் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. சமுத்திரங்களின் எல்லைக்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பே இல்லை. 2007இல் அலாஸ்கா வளைகுடாவில் ஆய்வுக் கப்பலில் சென்ற கென் புரூலண்ட் என்ற கடலியல் பேராசிரியர் எடுத்தது அது. பனியாறுகள் பாறையை அரைத்த மாவு போன்ற வண்டலை ஆறுகள் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அந்த வெளிறிய நீர் ஆழ்கடலின் நீல நீரைச் சந்திக்கிற இடம்தான் படத்தில் இருக்கிறது. மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் நீங்கள் கண்டதும் அதே வகைதான். அங்கே பனியாற்று வண்டல், இங்கே மகாவலி ஆற்றின் சேறு.

335 கிலோமீட்டர் ஓடி வரும் மகாவலி மூதூர்ப் பக்கமாகக் குடாவில் விழுகிறது. மாரி மழையில் அது பெருகும்போது குடாவின் தென்பாதி கலங்கிவிடும். அதே குடாவுக்குள் ஒரு ஆழ்கடல் பள்ளத்தாக்கும் வாய் வைத்திருக்கிறது. வேறு ஊர்களில் பல கிலோமீட்டர் போனால்தான் கிடைக்கும் ஆழம் எங்களுக்கு வாசலிலேயே கிடைக்கிறது. 1980களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திமிங்கிலங்களைத் தேடி இங்கே தங்கியதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். ஆற்று நீரும் சமுத்திர நீரும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடங்கள் குறைவு, அதனால்தான் மலையில் நின்றே உங்களால் இரண்டையும் பார்க்க முடிந்தது.

இனி “வெப்ப நீரோட்டம்”. நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன், தேசப்படத்தில் சிவப்பு அம்பு போட்டு இதை விளக்குவதும் என் தொழில்தான். அந்த அம்பு வட அத்திலாந்திக்கில் சரியாகப் பொருந்தும். அமெரிக்காவின் ஹட்டராஸ் முனைக்கு அருகே வளைகுடா நீரோட்டம் என்ற வெப்ப நீரோட்டத்தின் ஓரத்தைத் தாண்டினால் வெப்பமானியிலேயே வேறுபாடு தெரியும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1775இல் கப்பலில் போகும்போது கடல்நீரின் வெப்பத்தை அளந்து பார்த்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, திமிங்கில வேட்டைக் கப்பல்களை அறிந்த அவரது உறவினரான டிமத்தி போல்ஜர் அந்த நீரோட்டத்தைப் படமாக வரைய அவருக்கு உதவியிருந்தார். திமிங்கிலங்கள் நீரோட்டத்தின் நடுவில் நிற்பதில்லை, ஓரங்களிலேயே நிற்கும் என்பது அந்த வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். ஓரத்தை அறிந்தவர்களே நீரோட்டத்தை வரைந்தார்கள்.

எங்கள் கடலில் மேற்பரப்பு எங்கும் சூடுதான். கரையிலும் வெளியிலும் ஏறத்தாழ 27 முதல் 30 பாகை செல்சியஸ். இங்கே இரண்டு நீரையும் பிரித்து வைப்பது பெரும்பாலும் உப்பு. இவ்வளவு சூடான நீரில், கிலோவுக்கு ஒரு கிராம் உப்புக் கூடினால் ஏறும் கனம், அதே நீர் இரண்டு பாகைக்கும் சற்று அதிகமாகக் குளிர்ந்தால் ஏறும் கனத்துக்குச் சமம். ஆற்று நீர் கலந்த மேற்படைக்கும் வெளிக்கடலுக்கும் மூன்று கிராம் வேறுபாடு இருந்தால், ஆறேழு பாகை வெப்ப வேறுபாட்டின் வேலையை அந்த உப்பே செய்துவிடும். வங்காள விரிகுடாவின் வடக்கே பனிக்காலத்தில் குளிர்ந்த நீர் மேலேயும் சூடான நீர் கீழேயும் கிடப்பது உண்டு. மேலே இருப்பது உப்புக் குறைந்தது என்பதால் குளிர்ந்தும் அது தாழ்வதில்லை. சிவப்பு, நீல அம்புகளை மட்டும் படித்த மாணவனுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டான்.

சரி, அருகருகே இருந்தும் ஏன் உடனே கலப்பதில்லை? பிளேன்டீயில் சீனியைப் போட்டுவிட்டுக் கரண்டியால் கலக்காமல் குடித்துப் பாருங்கள். மேலே கசக்கும், அடியில் இனிக்கும். அசையாத நீரில் உப்பு தானாக ஒரு மீட்டர் பரவப் பத்தாண்டுக் கணக்கில் ஆகும். வெப்பம் அதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வேகமாகப் பரவும், அதுவும் கடலின் அளவுக்குப் போதாது. ஆகவே கடலை யாராவது கலக்க வேண்டும். காற்று, அலை, கடல்மட்டம் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு, ஒன்றன்மேல் ஒன்று வெவ்வேறு வேகத்தில் வழுக்கும் நீர்ப்படைகள், இவைதான் அந்த வேலையைச் செய்கின்றன. திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதனால் அந்தக் கை இங்கே பலவீனம். மிச்சம் காற்றின் பொறுப்பு. காற்று ஓய்ந்த காலையில் கோடு தெளிவாக நிற்கும், வாடை ஓங்கி வீசினால் மாலைக்குள் குழம்பிப்போகும்.

பெரிய அளவில் கடல் இன்னொரு வழியில் கலக்கிறது. வளைகுடா நீரோட்டம் நெளிந்து நெளிந்து ஓடும்போது சில நெளிவுகள் அறுந்து, நூறு இருநூறு கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்களாகக் கரைப்பக்கம் ஒதுங்குகின்றன. மாதக்கணக்கில் சுழலும் அவை வெப்ப நீரைக் கரைக்குக் கொண்டுவரும், கரை நீரை நீண்ட நாக்குகளாக வெளியே இழுக்கும். நாக்கு மெலிந்து மெலிந்து நூலாகும்போதுதான் உண்மையான கலப்பு நடக்கிறது. வங்காள விரிகுடாவும் இப்படிச் சுழல்கள் நிறைந்த கடல்தான்.

எங்கள் கரைக்கு வெளியே வரும் நீரும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. ஐப்பசி முதல் தை வரை இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஒரு நீரோட்டம் தெற்கே இறங்கி எங்களைக் கடந்து போகிறது. கங்கை, பிரமபுத்திரா, கோதாவரி எல்லாம் மழைக்காலத்தில் கொட்டியதில் ஒரு பங்கு அதில் வருகிறது. யாரும் காவடி எடுத்துச் சுமக்காமலே கோணேசருக்குக் கங்கை நீர் வந்து சேர்கிறது என்று சொன்னால் பொய் இல்லை. தென்மேல் காற்று வீசும் கச்சான் காலத்தில் கதை மாறிவிடும். அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீர் இலங்கையின் தெற்கைச் சுற்றி விரிகுடாவுக்குள் நுழையும். எங்களுக்குக் கிழக்கே ஒரு பெரிய இடஞ்சுழி உருவாகி, அதன் நடுவே ஆழத்துக் குளிர்நீர் மேலெழும்பும். கடலியலாளர்களான வினயச்சந்திரனும் யாமகாட்டாவும் 1998இல் விவரித்த ‘இலங்கைக் குவிமாடம்’ இதுதான். தென்மேல் காற்று எங்கள் கரையோர மேல்நீரை வெளியே தள்ளுவதால் கரையிலும் கீழ்நீர் மேலே வரும். அந்த மாதங்களில் மகாவலியும் இளைத்திருக்கும், சேற்றுக் கோடும் பெரும்பாலும் இராது. நிலாவெளிக்குச் சுழியோட வருபவர்கள் தெளிந்த நீரைப் பார்ப்பது அப்போதுதான்.

கடைசியாக, படகில் தாண்டுவது. கோட்டில் சுவரும் இல்லை, உள்ளே இழுக்கும் சுழியும் இல்லை. இலேசான ஆற்று நீர் சில மீட்டர் தடிப்பில் மேலே பரவி வருகிறது. அதன் விளிம்பில் இரண்டு நீரும் ஒன்றையொன்று நோக்கி ஓடிவந்து கனமான நீர் அடியில் போய்விடும். மிதக்கும் பொருள் கூடவே தாழ முடியாமல் மேலே தங்கும். அதனால்தான் நுரை, இலை, சல்வீனியா என்ற நீர்க்களை, வெள்ளத்தில் வந்த மரக்கட்டை எல்லாம் வரிசையாகச் சேர்கின்றன. கட்டையின் நிழலில் குஞ்சு மீன், அதைத் தேடிப் பாரை, சூரை, மேலே பறவைகள். என் மாமா உப்புவெளியிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். “தம்பி, நுரையைப் பார்க்காதே, பறவை எங்கே குனிகிறது என்று பார்” என்பார். இரவில் அந்த வரிசைக்குள் வேகமாகப் போனால் கட்டையில் மோதி இயந்திரத்தின் காற்றாடி உடையும், ஃபைபர் படகின் அடியும் பிளக்கலாம். பகலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாராளமாகத் தாண்டுங்கள்.