கரை நல்ல கரைதான், கீழே யார் இருக்கிறார்கள்?

சேலம், ஏற்காடு பக்கத்து நண்பர்கள் தங்கள் தோட்டத்துத் தடுப்பணைகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஏரிக்கரைகளோடு காலம் தள்ளிய பழைய பொறியாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: காபித் தோட்டத்து ஓடையை மறித்து, படகு விட அப்பா போட்ட மண்கரை. உயரம் 6 மீட்டர், நீர்ப்பரப்பு 2 ஏக்கர். ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. கீழே ஓடையோரம் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். பார்க்க வந்த பொறியாளர் 'அதிக ஆபத்து' வகை என்கிறாரே?

ப: அவர் உங்கள் கரையைக் குறை சொல்லவில்லை. கரை எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரு கணக்கு, உடைந்தால் என்ன போகும் என்பது வேறு கணக்கு. வகை பிரிப்பது இரண்டாவதை வைத்து. ஒரு உயிர் போகும் என்று எதிர்பார்க்க இடமிருந்தாலே அமெரிக்காவில் 'அதிக ஆபத்து'தான்.

பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி 0.4 ஆல் பெருக்கினால் கொள்ளளவு தோராயமாக வரும். உங்களுடையது ஏறக்குறைய 2 கோடி லிட்டர், 12,000 லிட்டர் லாரி என்றால் 1,600 லாரித் தண்ணீர். மண்கரை உடைந்தால் வினாடிக்கு 100 கன மீட்டர் அளவில் பாயலாம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சமவெளியில் என்றால் வயலில் பரவி அடங்கும். உங்கள் சேர்வராயன் மலைச் சரிவில் பரவ ஏது இடம்? ஓடையோரம் லைன் வீடுகள் இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கே: 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கு வருமா?

ப: 6 மீட்டருக்கு வராது. 15 மீட்டருக்கு மேல் என்றால் வரும். 10 முதல் 15 வரை என்றால் நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். ஆனால் தண்ணீர் சட்டம் பார்த்துப் பாயாது.

கே: மழைக்காலத்தில் மீன் ஓடிவிடுகிறது. மிகுதித் தண்ணீர் வழியும் கலிங்கில் வலை கட்டலாமா?

ப: வேண்டவே வேண்டாம். பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று பழைய அணையை வாங்கி ஏரியாக வைத்திருந்தது. வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பி வலை. தண்ணீரை இறக்க உதவும் அடிமதகுக் குழாய்களை முன்பே யாரோ கழற்றியிருந்தார்கள், இவர்கள் திரும்பப் போடவில்லை. 1889 மே 31, பெருமழை. வலையில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்து உடைத்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரம், 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். அதுவும் பொழுதுபோக்கு அணைதான். மீன் போனால் போகட்டும் ஐயா.

கே: கரைமேல் சில்வர் ஓக் வளர்ந்து நிழலாக இருக்கிறது.

ப: நிழலுக்கு வேறு இடம் பாருங்கள். மரம் பட்டால் வேர் மக்கி, அந்த வழியே தண்ணீர் நுழையும். வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டாலும் அதே கதை. தண்ணீர் குறைந்த கோடையில் வேரோடு எடுத்து, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டித்து, புல் வளர்க்க வேண்டும்.

கே: கரையடியில் ஈரம் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

ப: தெளிவாக, ஒரே அளவில் கசிந்தால் குறித்து வையுங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். அன்றே மதகைத் திறந்து மெல்ல இறக்குங்கள், கீழே இருப்பவர்களை நகர்த்துங்கள்.

கே: மழையால் உடைந்தால் நாங்களா பொறுப்பு?

ப: கார்வேட்டிநகரம் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமான வழக்கில், 1874 இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) ஜமீன்தார் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. அவை ஊருக்குப் பாசனம் தந்தவை, பராமரிப்பது அவர் கடமை, அலட்சியமும் இல்லை என்பது காரணம். படகு விடும் குட்டைக்கு அந்த வாதம் எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. வக்கீலைப் பாருங்கள்.

கே: எங்கள் கரைக்குக் கீழே யாருமே இல்லை. அங்கே நாலு காட்டேஜ் கட்டலாம் என்று யோசனை.

ப: கட்டில் போட்ட அன்றே உங்கள் அணை வகை மாறிவிடும், கரையில் ஒரு கல் கூட அசையாமல். பக்கத்து மேட்டில் கட்டுங்கள். ஏரியும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.