சிங்கப்பூரில் கம்பெனி தொடங்கினால் இந்திய வரி போய்விடுமா?

நண்பரே, கோவையில் இருந்தபடியே மென்பொருள் வேலை செய்துகொண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் பணத்தைச் சிங்கப்பூர் கம்பெனி கணக்கில் வாங்கினால் இங்கே வரி இல்லை என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பதிவு சுலபம்தான். அரசுக் கட்டணம் 315 சிங்கப்பூர் டாலர். ஆனால் அங்கேயே வசிக்கும் ஓர் இயக்குநராவது கட்டாயம். உங்களுக்கு அப்படி ஆள் இல்லையென்றால் வருடா வருடம் காசு கொடுத்து ஒருவரை வைக்க வேண்டும். ஏஜென்ட் காட்டிய விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

வேலை முழுக்கக் கோவையில் நடக்கிறது. அதனால் அந்த லாபம் இங்கே சம்பாதித்தது என்று வருமான வரித்துறை கேட்க இடமுண்டு. நீங்கள் எடுக்கும் சம்பளம், டிவிடெண்டுக்கும் இங்கே வரி உண்டு.

அப்புறம், பங்குக்குப் பணம் அனுப்பும் முன் உங்கள் வங்கியில் எஃப்சி என்னும் வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் அந்தப் பங்குகளைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

சிங்கப்பூர் முதலீட்டாளர் யாரும் அங்கே கம்பெனி வேண்டும் என்று கேட்காத வரை, இங்கேயே எல்எல்பி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) போதும் என்பது என் கருத்து. மென்பொருள் ஏற்றுமதிக்கு எல்யூடி என்னும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் ஜிஎஸ்டி கட்டாமலே பில் போடலாம்.