எந்த ட்யூனிங்கில் வாசிக்கப் போகிறீர்கள்? மெட்டல் கிட்டார் கேள்வி பதில்

கிட்டார் பழுது பார்ப்பதும், வாசிக்க வாகாகச் சீர்செய்யும் செட்டப் வேலையும் என் தொழில். பதினெட்டு வருடமாகச் சென்னையில் இதைத்தான் செய்கிறேன். என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் ஹெவி ராக், மெட்டல் வாசிப்பவர்களுடையவை. கேள்வி அனுப்பும்போது எந்த ட்யூனிங்கில், அதாவது கம்பிகளை எந்தச் சுருதியில் வைத்து, வாசிக்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் கிட்டார் சொல்வது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்கித் தருவது மாதிரி.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. முதல் எலெக்ட்ரிக் கிட்டார். மெட்டாலிகா, அயர்ன் மெய்டன் வாசிக்க வேண்டும். கடையில் ஃப்ளாய்ட் ரோஸ் வைத்த ஒரு கிட்டாரைக் காட்டி, "மெட்டலுக்கு இதுதான்" என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. முதல் கிட்டாரில் ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஃப்ளாய்ட் ரோஸ் என்பது ஆட்டக்கூடிய ஒரு ப்ரிட்ஜ், கம்பிகள் உடலில் வந்து தங்கும் பாலம். அது உடலோடு இறுக்கி வைத்ததல்ல. முன்பக்கம் ஆறு கம்பிகளும் இழுக்க, பின்பக்கக் குழிக்குள் இருக்கும் ஸ்ப்ரிங்குகள் எதிர்த்திசையில் இழுக்க, நடுவில் தராசு முள் மாதிரி நிற்கிறது. ஒரு கம்பியை இறக்கினால் ஸ்ப்ரிங் கை ஓங்கும், மற்ற ஐந்தும் ஏறிவிடும். ஒரு கம்பி அறுந்தால் மொத்தமும் சுருதி விலகும். கழுத்தின் மேல்முனையில் இருக்கும் நட்டிலும் கம்பிகளைப் பூட்டி வைத்திருப்பதால் தலைப்பக்கக் குமிழ்களைத் திருகிப் பயனில்லை. எல்லாம் சரியாக அமைந்துவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் சுருதி அசையாது, அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் மலிவு விலைக் கிட்டாரில் வருவது மென்மையான உலோகத்தில் செய்த நகல். அது ஊன்றி ஆடும் கத்திமுனை சீக்கிரமே தேய்ந்துவிடும். அப்புறம் எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது.

என் முதல் கிட்டார் அப்படிப்பட்டதுதான். தடித்த கம்பியை மட்டும் டி சுருதிக்கு இறக்கும் ட்ராப் டி-க்கு மாற்ற உட்கார்ந்து இரவு முழுக்கப் போராடினேன். காலையில் கிட்டாரை உறையில் போட்டு மூடியவன் மூன்று மாதம் தொடவில்லை. அந்த மூன்று மாதம் உங்களுக்குப் போகக் கூடாது.

அசையாத ப்ரிட்ஜ், பாலப் பக்கத்தில் ஒரு ஹம்பக்கர் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), 25.5 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து ப்ரிட்ஜ் வரை கம்பியின் நீளம்). இவ்வளவு இருந்தால் போதும். ஐபனெஸ் ஜி.ஆர்.ஜி. 121 டி.எக்ஸ். இந்த வகை. ஜாக்சனின் ஜே.எஸ். வரிசையிலும் அசையாத ப்ரிட்ஜ் உள்ளவை கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். பணம் முழுவதையும் கிட்டாரில் போட்டுவிடாதீர்கள். செட்டப் செய்ய, நல்ல கேபிள் வாங்க, ஒரு சிறிய ஆம்புக்கு என்று ஒதுக்குங்கள். பெட்டியிலிருந்து எடுத்த கிட்டார் தைத்து முடிக்காத சட்டை. செட்டப் செய்யாமல் வாசிக்காதீர்கள்.

மதுரை: லெஸ் பால் வடிவம் பிடிக்கும். ஆனால் ட்ராப் சி-யில் வாசிக்கிறேன். கம்பி தொளதொளவென்று ஆடுகிறது. கிட்டாரை மாற்ற வேண்டுமா?

ட்யூனிங் சொன்னதற்கு நன்றி. முதலில் கம்பியை மாற்றுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 25.5 அங்குல ஸ்கேலில் 0.046 அங்குலக் கம்பியை வழக்கமான இ சுருதியில் வைத்தால் அதன் இழுவிசை சுமார் 8 கிலோ. அதே கம்பியை சி-க்கு இறக்கினால் 5 கிலோதான். விரல் அழுத்தத்துக்கே சுருதி ஏறிவிடும், வேகமான ரிஃப் சேறாகிவிடும். 0.056 போட்டால் மறுபடியும் ஏழரை கிலோ வந்துவிடும். லெஸ் பாலின் ஸ்கேல் 24.75 அங்குலம், அதில் இழுவிசை இன்னும் ஆறு சதவீதம் குறையும். அதனால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் தடித்த கம்பியே நல்லது. தடித்த கம்பி போட்டதும் நட்டின் பள்ளங்களை அரத்தால் அகலப்படுத்த வேண்டும், இன்டொனேஷனும் (கழுத்து முழுக்கச் சுருதி சரியாக நிற்கிறதா என்பது) புதிதாகப் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் மாற்றிவிட்டு "கிட்டார் சரியில்லை" என்று வருகிறவர்கள் நிறைய.

சுருதி இறக்கும் வழக்கம் வந்த கதையை நான் மறுபடி மறுபடி சொல்வேன். பர்மிங்காமில் உலோகத் தகடு வேலை செய்த டோனி அயோமி, 1965-இல், 17 வயதில், ஆலையில் கடைசி நாள் வேலையின்போது வலது கையின் நடு இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். அவர் இடது கைக்காரர், அதாவது கம்பியை ஃப்ரெட்டில் (கழுத்தின் உலோகக் கட்டைகளில்) அழுத்துகிற கை அது. பாத்திரம் கழுவும் திரவத்தின் ப்ளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிக்குப் பான்ஜோ கம்பியைப் போட்டார். 1971-இல் வந்த, தன் குழுவான ப்ளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களுக்கு மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். அவர் இறக்கியது கைவலி குறைய. இன்று அது ஒரு இசையின் குரலாகவே நிற்கிறது.

யாழ்ப்பாணம்: ஸ்ட்ராட் மாதிரிக் கிட்டார் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டால் உர்ரென்று இரைகிறது. விற்றுவிட்டு வேறு வாங்கட்டுமா?

விற்காதீர்கள். ஸ்ட்ராட்டில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் சுருள் பிக்கப், அது மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் சேர்த்துப் பிடிக்கும். கெயின் (பெருக்க அளவு) ஏற்றினால் அதுவும் ஏறும். ஹம்பக்கரில் எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு சுருள்கள், எதிரெதிர்க் காந்தங்கள். கம்பியின் ஒலி கூடும், முனகல் கழியும். கிப்சனில் செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். ஒற்றைச் சுருளின் அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது, பாலப் பக்கத்தில் அதை மட்டும் மாற்றுங்கள். அயர்ன் மெய்டனின் டேவ் மர்ரே பெரும்பாலும் ஸ்ட்ராட்டில் ஹம்பக்கர் வைத்துத்தான் வாசிக்கிறார்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அப்படியென்றால் கிட்டாரின் உள் எர்த் சரி, கேபிளையும் வீட்டு எர்த்தையும் பாருங்கள். ஒன்று மட்டும்: இரைச்சலை நிறுத்த ஆம்ப் ப்ளக்கின் எர்த் பின்னை யாரும் பிடுங்க வேண்டாம். உங்கள் கை கம்பியில் இருக்கிறது, கம்பி எர்த்தோடு இணைந்திருக்கிறது. உயிர் போகும்.

சேலம்: 20,000 ரூபாய்க்குள் நல்ல மெட்டல் கிட்டார்?

கோவைத் தம்பிக்குச் சொன்னதே.

சிங்கப்பூர்: ஆக்டிவ் பிக்கப்பா, பாஸிவா?

ஈ.எம்.ஜி. 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்பில் உள்ளேயே ஒரு சிறிய முன்பெருக்கி உண்டு, 9 வோல்ட் பாட்டரியில் ஓடும். இரைச்சல் மிகக் குறைவு, ஒவ்வொரு அடியும் ஒரே அளவில் இறுகி வரும். கீழ்நோக்கியே அடிக்கும் வேகமான டவுன்பிக்கிங்குக்கு அது பொருந்தும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ஒலியில் அதன் பங்கு பெரிது. மெதுவான டூம் மெட்டல், பழைய ஹெவி ராக் என்றால் பாட்டரி இல்லாத பாஸிவ் போதும். வாசித்து முடித்ததும் ஜாக்கைப் பிடுங்குங்கள், செருகியிருக்கும் வரை பாட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

திருச்சி: மஹோகனியா, பாஸ்வுட்டா? மெட்டலுக்கு எந்த மரம் கனமான ஒலி தரும்?

மரத்தைப் பார்த்து மெட்டல் கிட்டார் வாங்காதீர்கள். எடை தோளுக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தஞ்சாவூர்: ஐயா, நாங்கள் வீணை செய்கிற குடும்பம். பலா மரம் மாறினால் நாதம் போய்விடும் என்பது எங்களுக்குக் கைவழக்கம். கிட்டாருக்கு மட்டும் மரம் முக்கியமில்லை என்பதை எப்படி ஏற்பது?

ஐயா, உங்கள் கைக்கு முன் நான் சிறியவன். ஆனாலும் இந்த இடத்தில் மாறுபடுகிறேன். வீணையில் காதுக்கு வருவது குடத்தின் அதிர்வு. எலெக்ட்ரிக் கிட்டாரில் காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப் அதைப் பெருக்குகிறது. மரத்தின் ஒலி நேராக உள்ளே போக வழியே இல்லை. வீணையில் கான்டாக்ட் மைக் ஒட்டினால் குடம் பேசும், காந்தப் பிக்கப் வைத்தால் கம்பி பேசும். இரண்டையும் நீங்களே கேட்டிருப்பீர்கள்.

தஞ்சாவூர், மறுபடியும்: கேட்டிருக்கிறேன். ஆனால் கம்பி எவ்வளவு நேரம், எப்படி அசைய வேண்டும் என்பதையே மரம் மாற்றுகிறதே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். மாற்றுகிறது. சில கிட்டார்களில் ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் சுரம் சட்டென்று செத்துவிடும். கழுத்து அந்த அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் வாங்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அடித்துக் கேட்கச் சொல்கிறேன். ஆனால் அது அந்த ஒரு கட்டையின் குணம். மஹோகனி என்ற பெயரின் குணமாக அதை விற்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகாதது.

லெஸ் பால் கிட்டாருக்குப் பெயர் கொடுத்த கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் ஒரு சதுரப் பைன் கட்டையில் பிக்கப் வைத்து வாசித்தார். பக்கவாட்டில் ஒட்டிய கிட்டார் உடல் பார்வைக்காக. க்வீன் குழுவின் ப்ரையன் மே 1963-இல் தன் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரத்தில் கழுத்து செதுக்கினார். 1969-இல் டான் ஆர்ம்ஸ்ட்ராங் கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் ஒரு கிட்டாரே வடிவமைத்தார். ப்ளாக் ஃப்ளாக் குழுவின் க்ரெக் கின் அதில்தான் அவ்வளவு முரட்டு ஒலியை எடுத்தார்.

வேலூர்: அப்படியென்றால் என் கனமான மஹோகனி கிட்டாரில் சுரம் நீண்டு ஒலிப்பது பிரமையா?

பிரமை இல்லை. அதன் ப்ரிட்ஜ், பிக்கப், கம்பி, ஸ்கேல், கழுத்தை ஒட்டிய விதம் எல்லாமே வேறு. அவற்றில் மரத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டீர்களா? என் பட்டறையில் ஒரே பிக்கப்பையும் ஒரே தடிமன் கம்பியையும் இரண்டு உடல்களில் மாற்றிப் பார்த்தோம். க்ளீன் ஒலியில் மெல்லிய வித்தியாசம் கேட்டது. கெயினை ஏற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. டிஸ்டார்ஷன் உச்சங்களை நசுக்கிவிடும், நுட்பம் அதில் கரைந்துவிடும். அதே நேரம் ஸ்பீக்கரை மாற்றினோம், அறைக்கு வெளியே நின்றவரே உள்ளே வந்து "என்ன மாற்றினீர்கள்?" என்றார்.

தஞ்சாவூர்: ஸ்பீக்கர் வரை ஒப்புக்கொள்கிறேன். விரல் படுகிற பலகைக்காவது ஈட்டி மரம் வேண்டாமா?

ஈட்டி என்றதும் மனம் கனக்கிறது ஐயா. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி எனும் அந்த ஈட்டிதான் உலகத்தின் எத்தனையோ கிட்டார்களுக்கு விரல்பலகை. நன்றாக உழைக்கும், எண்ணெய்ப்பசை உள்ள, இறுகிய மரம். 2017-இல் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கம்பெனிகள் ஜடோபா, பௌ ஃபெர்ரோ என்ற மரங்களுக்கு மாறின. அந்தக் கிட்டார்களுக்கும் நான் ஃப்ரெட் போடுகிறேன். உறுதியாகவே இருக்கின்றன. ஒலிக்காக ஈட்டி தேட வேண்டியதில்லை. காட்டில் நிற்கட்டும்.

இந்த வாதத்தில் நிறையப் பேரைக் காத்திருக்க வைத்துவிட்டேன். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஈரோடு: ஃப்ளாய்ட் ரோஸ் வைத்த பழைய கிட்டார் மலிவாகக் கிடைக்கிறது.

முதல் கிட்டாரா? வேண்டாம்.

நாகர்கோவில்: ஏழு கம்பி கிட்டாரில் தொடங்கலாமா?

நீங்கள் விரும்புகிற பாட்டுகள் ஏழு கம்பியில் இருந்தால் தாராளமாக. 1990-இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் நிறுவனம் யூனிவர்ஸ் என்ற ஏழு கம்பிக் கிட்டாரைச் செய்தது. சில வருடத்தில் கார்ன் குழுவினர் அதைக் கையிலெடுத்து வேறு பாதைக்குக் கொண்டு போனார்கள். கீழே ஏழாவதாகச் சேரும் கம்பியின் சுருதி பி, 62 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே இறக்குவதாக இருந்தால் 26.5, 27 அங்குல ஸ்கேல் பாருங்கள். கை சிறியதென்றால் கழுத்தைப் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

புதுச்சேரி: என் மகளுக்கு ஒன்பது வயது, கிட்டார் வகுப்புக்கு எது வாங்குவது?

வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள். சிறு பிள்ளைகளின் அளவு அவருக்குத்தான் தெரியும்.

கொழும்பு: இடது கைக்காரன், வலது கைக் கிட்டாரில் பழகிவிடலாமா?

இதுவரை தொடவே இல்லையென்றால் முயன்று பாருங்கள், கடையில் தேர்வு அதிகம் கிடைக்கும். இடது கையிலேயே வாசித்துப் பழகிவிட்டவர் என்றால் கையை மாற்றாதீர்கள்.

சென்னை, ஹாஸ்டல் அறை: ஆம்ப் சத்தமாக வைக்க முடியாது.

ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், மடிக்கணினி. ஆம்ப் ஒலியைத் தரும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். கெயினை நீங்கள் நினைப்பதைவிடக் குறைத்து வையுங்கள், அடி தெளிவாகக் கேட்கும். கடற்கரைக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், வாசித்ததும் துடையுங்கள்.

திருநெல்வேலி: 15,000 ரூபாய், மெட்டல், எது நல்லது?

எந்த ட்யூனிங்?

விழுப்புரம்: செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது என்ன பார்ப்பது?

முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் இருந்தால் நல்லது. அதிகமானால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைத் திருக வேண்டும். ராட் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள், சிக்கிக்கொண்ட ராட் உள்ள கிட்டாரை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். கம்பிக்குக் கீழே ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா, தலை கழுத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். கிப்சன் வகைக் கிட்டார்கள் உடைவது அங்கேதான். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அடியுங்கள். நேரமாகும், ஆகட்டும்.

கரூர்: வழக்கமான இ ட்யூனிங், 9-42 கம்பி, அசையாத ப்ரிட்ஜ். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் 3 மில்லிமீட்டர் இருக்கிறது. விரல் வலிக்கிறது. வேறு கிட்டார் வாங்கும் நேரமா?

இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் அளந்தே சொல்லிவிட்டதால் இங்கிருந்தே சொல்ல முடிகிறது. முதலில் கழுத்தின் வளைவைப் பாருங்கள், விழுப்புரத்துக்காரருக்குச் சொன்ன அதே முறை. அது சரியாக இருந்தால், ப்ரிட்ஜில் கம்பி உட்காரும் ஒவ்வொரு சேடிலிலும் பெரும்பாலும் இரண்டு சிறிய திருகு இருக்கும், அதற்கான ஆலன் கீ கிட்டாரோடு வந்திருக்கும். இரண்டையும் சமமாகக் கால் சுற்று இறக்கி, சுருதி சேர்த்து, அளந்து, மறுபடி கால் சுற்று. தடித்த கம்பி 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி ஒன்றரை. எங்காவது டர்ரென்று உரசினால் அந்தக் கம்பியை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். முடித்ததும் வலி குறைந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.