மணிலாவுக்கு வரும் தம்பிக்கு, டார்னாவைப் பற்றிப் பேசும் முன்

தம்பி, நவம்பர் கடைசியில் மணிலாவில் வேலைக்குச் சேரப் போவதாக எழுதியிருந்தீர்கள். வீட்டு வாடகை, சைவச் சாப்பாடு, ஊருக்குப் பணம் அனுப்புவது ஆகியவற்றை விசாரித்துவிட்டு, கடைசியாக, "அந்த ஊர் மாயாஜாலச் சண்டைப் படங்கள் பார்க்கும்படி இருக்குமா அக்கா, எல்லாம் ஹாலிவுட் காப்பி என்கிறார்களே, எதிலிருந்து தொடங்கலாம்?" என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்றையும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு மாத முன்பணமும், ஒரு மாத வாடகையும், வரும் மாதங்களுக்குப் பின்தேதியிட்ட காசோலைகளும் கேட்பார்கள். பருப்பும் புளியும் பாக்கோ பகுதியில், மகாத்மா காந்தி தெருவில் உள்ள கோயிலை ஒட்டிய இந்தியக் கடைகளில் கிடைக்கும். பணம் அனுப்பும் வழியை அலுவலகத்தில் முதல் நாளே யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் சரியாகப் பதில் சொல்ல ஆளில்லை. அதற்குத் தவறான பதிலோடு இங்கே வந்து இறங்குபவர்கள் படும் பாட்டை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

நான் வந்தது 2009 டிசம்பரில். ஓர்ட்டிகாஸில் கணக்குப் பிரிவில் வேலை. சேர்ந்த சில நாட்களில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்து, உடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் தத்தம் மாகாணங்களுக்குப் பேருந்தும் கப்பலும் ஏறிவிட்டார்கள். தனி அறையில் இருந்த எனக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை. ஏதாவது ஆங்கிலப் படம் பார்க்கலாம் என்று பேரங்காடிக்குப் போனால், எந்தத் திரையிலும் ஒரு வெளிநாட்டுப் படமும் ஓடவில்லை. டிசம்பர் 25 தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரம், மெட்ரோ மணிலா திரைப்பட விழாவுக்காக, வழக்கமான திரையரங்குகளில் உள்நாட்டுப் படங்கள் மட்டுமே காட்டப்படும். 1975இலிருந்து இது நடந்துவருகிறது. ஹாலிவுட் எவ்வளவு பெரிய படத்தைக் கையில் வைத்திருந்தாலும் அந்த நாட்களில் வெளியே நிற்க வேண்டியதுதான். இதை எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதால்தான் உங்களுக்கு முதல் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். உங்கள் முதல் கிறிஸ்துமஸும் அப்படித்தான் இருக்கப் போகிறது. அதைக் குறையாக நினைக்காதீர்கள். இந்த நாட்டை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இரண்டு வாரம் கிடையாது.

என் வீட்டுக்கார அம்மா, கணவரை இழந்தவர், நான் தனியாக இருப்பதைப் பார்த்துத் தம் பேரப்பிள்ளைகளோடு என்னையும் "பண்டாய்" படத்துக்கு அழைத்துப் போனார். பண்டாய் என்றால் கொல்லன். ஃபிளாவியோ என்ற கொல்லன் வானிலிருந்து விழுந்த எரிகல்லை உருக்கி ஒரு குத்துவாள் அடிக்கிறான். அதை வானை நோக்கி உயர்த்தினால் நீண்ட வாளாகிவிடும். அதைக்கொண்டு லிசார்டோ என்னும் கொடியவனை எதிர்க்கிறான். அந்த ஆண்டு கொல்லனாக நடித்த போங் ரெவில்லா அப்போது பதவியில் இருந்த செனட்டர். படத்தில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த வாள் நீளும் நொடியில் அரங்கில் இருந்த சிறுவர்கள் அத்தனை பேரும், என் பக்கத்தில் பாலாடைத்தூள் தூவிய சோளப்பொரியோடு உட்கார்ந்திருந்த பேரன் உட்பட, கையை மேலே தூக்கினார்கள். அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாவின் கையும் மடியிலிருந்து பாதி உயர்ந்தது. அவர் உயர்த்தியது போங் ரெவில்லாவுக்காக அல்ல என்று வெளியே வந்த பிறகு அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். அவருடைய கொல்லன் 1980இல் நடித்த பெர்னாண்டோ போ ஜூனியர். அவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. கார்லோ கபராஸ் எழுதி ஸ்டீவ் கான் வரைந்த சித்திரக்கதைதான் மூலம். 1980க்கும் 1984க்கும் இடையே நான்கு படங்களில் போ ஜூனியரே கொல்லனாக நடித்தார். 2004இல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார், அதே டிசம்பரில் இறந்துபோனார். திரையில் ஏழைக்காக வாளெடுத்தவரை நிஜத்திலும் தலைவராக்க நினைத்த மக்களை, எம்.ஜி.ஆரைப் பார்த்த நாம் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. தமிழர்களாகிய நமக்கு இந்தப் படங்களுக்குள் நுழைய இப்படி ஒரு தனி வாசலே இருக்கிறது. அப்படியிருந்தும் நம்மவர்களில் பெரும்பாலோர் அந்த வாசலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இரண்டாவது எச்சரிக்கை, "காப்பி" என்ற சொல்லைப் பற்றியது. அதை இங்கே எந்தச் சாப்பாட்டு மேசையிலும் சொல்லாதீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்த நம் ஊர்க்காரர் ஒருவர், சேர்ந்த இரண்டாம் வாரத்தில் மதிய உணவின்போது, இந்த ஊரின் பறக்கும் வீரநாயகி டார்னா, அமெரிக்கச் சித்திரக்கதை நாயகி வொண்டர் உமனின் மலிவான நகல்தானே என்று கேட்டுவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. இந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே மறுப்பவர்கள் அல்லர். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அதன் பிறகு பிறந்தநாள், ஞானஸ்நானம், வார இறுதிக் கடற்கரைப் பயணம் எதற்கும் அவருக்கு அழைப்பு வரவில்லை. ஏன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவும் இல்லை.

டார்னாவின் கதையைத் தெரிந்துகொண்டால் அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கும். மார்ஸ் ராவெலோ 1947இல், உலகப்போரில் தரைமட்டமாகிக் கிடந்த மணிலா இன்னும் எழுந்து நிற்காத காலத்தில், வார்கா என்ற பெயரில் இந்த நாயகியை ஒரு வார இதழில் உலவவிட்டார். அந்த இதழோடு பிணக்கு ஏற்பட்டு வெளியேறியபோது பெயரை அங்கேயே விட்டுவர நேர்ந்தது. 1950இல் வேறு இதழில் டார்னா என்ற புதுப் பெயரோடு அவளை மீண்டும் கொண்டுவந்தார், அடுத்த ஆண்டே அது படமானது. அமெரிக்கச் சித்திரக்கதைகளின் சாயல் இருப்பதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் வொண்டர் உமன் ஓர் இளவரசி. டார்னாவாக மாறும் நார்டா கிராமத்து ஏழைப் பெண். வெள்ளைக் கல் ஒன்றை விழுங்கி "டார்னா!" என்று கத்தினால் பறக்கிறாள், "நார்டா!" என்று கத்தினால் மறுபடியும் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறாள். தம்பி டிங் கூடவே ஓடிவருகிறான். வீட்டையும் தம்பியையும் விட்டுவிட்டு உலகைக் காக்கப் போகும் கதை அல்ல இது. வெளிநாட்டில் வேலை செய்து தம்பி தங்கைகளைப் படிக்கவைக்கும் அக்காக்கள் நிறைந்த ஒரு நாட்டில் இந்தப் பாத்திரம் ஏன் எழுபது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது என்பதை, ஊருக்குப் பணம் அனுப்பும் வழியைக் கேட்டிருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யாருடைய டார்னா என்று கேட்டால் அவருடைய வயது தெரிந்துவிடும். மூத்தவர்கள் வில்மா சாண்டோஸ் என்பார்கள். என் வயதுக்காரர்கள் 2005ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரின் ஏஞ்சல் லோக்சினையோ 2009ஆம் ஆண்டுத் தொடரின் மரியன் ரிவேராவையோ சொல்வார்கள். இளையவர்களுக்கு 2022இல் வந்த ஜேன் டி லியோன். இதில் எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. 1994க்குப் பிறகு டார்னா திரையரங்குக்கு வரவே இல்லை. பெரிய படம் ஒன்று அறிவிக்கப்பட்டு, நாயகியாக இருந்த ஏஞ்சல் லோக்சின் முதுகுத்தண்டுப் பாதிப்பால் விலகினார். அடுத்து வந்த லிசா சோபெரானோ விரல் காயத்தால் விலகினார். இயக்குநர் எரிக் மாட்டி போய் ஜெரால்ட் டாரோக் வந்தார். பிறகு பெருந்தொற்று வந்தது, படம் கைவிடப்பட்டுத் தொடராக முடிந்தது. தொடரில் டார்னாவின் எதிரியான பாம்புக் கூந்தல் வாலன்டினாவை ரெஜினா என்ற வழக்கறிஞராக்கி, நார்டாவின் தோழியாகவும் ஆக்கியிருந்தார்கள். அந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. பகை நட்பிலிருந்து முளைக்கும்போதுதான் உறைக்கிறது. ஆனால் பெரிய திரையில் நூறு பேரோடு அமர்ந்து பார்க்க வேண்டியதை வீட்டுக் கூடத்தில் பார்க்கும்படி ஆனதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்ரோ பெண்டூகோ என்னும் சித்திரக்கதை நாயகனின் படமும் இப்படித்தான் இழுபறிப்பட்டு வந்தது. பிரான்சிஸ்கோ கோச்சிங் 1954இல் படைத்த இந்த நாட்டுப்புற இளைஞனுக்கு மூலக்கதையில் எந்தச் சக்தியும் கிடையாது. பேய் பிசாசுகளைத் துணிவாலும் சமயோசிதத்தாலும் வெல்வான். 2023 விழாவுக்கு மத்தேயோ குய்டிசெல்லி நடித்து வந்த படம் அவனை இன்றைய சண்டை நாயகனாக்கியது. சண்டைகளில் உழைப்பு தெரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் உடல்வலுவைக் கூட்டக் கூட்டப் பெண்டூகோவின் குறும்பு குறைந்துபோனது என்பது என் முடிவான கருத்து. அந்த ஆண்டு விழாவின் மொத்த வசூல் 100 கோடி பெசோவைத் தாண்டியும் இந்தப் படத்தைப் பற்றி என் அலுவலகத்தில் பேசியவர்கள் சிலரே.

பெண்டூகோ மோதும் பூதங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். இடுப்போடு பிரிந்து மேலுடல் மட்டும் சிறகடித்துப் பறக்கும் மனனங்கல், குதிரைத் தலை கொண்ட டிக்பாலாங், ஆலமர இனத்துப் பலேட்டே மரத்தில் சுருட்டுப் புகைக்கும் காப்ரே ஆகியவை இங்கே வெறும் திரை அலங்காரம் அல்ல. என் வீட்டுக்கார அம்மா புற்றுமேட்டைக் கடக்கும்போது, உள்ளே குடியிருக்கும் குள்ளக் கிழவனிடம் வழிவிடச் சொல்லி, "தாபி தாபி போ" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பார். வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தால் டிக்பாலாங்குக்குக் கல்யாணம் என்பார். நம் ஊரில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று நான் சொன்னபோது அவர் என்னைக் கட்டிக்கொண்டார். காப்பிஸ் மாகாணத்துக்காரர் எவரிடமும், உங்கள் ஊரில்தானே அஸ்வாங் என்னும் ஆளுண்ணும் பிசாசு அதிகம் என்று வேடிக்கையாகக் கேட்டுவிடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் அந்தக் கேலியைக் கேட்டு நொந்தவர்கள் அவர்கள்.

அண்மைக்காலப் படங்களில் நீங்கள் தவறவிடக் கூடாதவை இரண்டு. 2024 விழாவில் வந்த "தி கிங்டம்", ஸ்பெயினும் அமெரிக்காவும் இந்தத் தீவுகளை ஆண்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனையில் எழுந்தது. 1565 தொடங்கி 1946 வரை அந்நிய ஆட்சியில் இருந்த நாடு, ஒருபோதும் அடிமைப்படாத ஓர் அரசாகத் திரையில் நிற்கிறது. பழைய பைபாயின் எழுத்து, பச்சை குத்திய உடல்கள் எல்லாம் இன்றைய நகரத்துக்குள் வாழ்கின்றன. பல பத்தாண்டுகள் சிரிப்பு நடிகராகவே இருந்த விக் சோட்டோ, வாரிசைத் தேர்ந்தெடுக்கத் தவிக்கும் அரசராகச் சிரிக்காமல் நடித்திருக்கிறார். ஆனால் என் மனம் நின்றது பியோலோ பாஸ்குவல் நடித்த சுலோ என்னும் ஒதுக்கப்பட்ட மனிதனிடம். அந்நியர் வராவிட்டாலும் நமக்குள் மேல் கீழ் இருந்திருக்கும் என்று அந்தப் பாத்திரத்தின் வழியாகப் படம் நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. தன் பொற்காலக் கனவுக்குள்ளேயே தீண்டப்படாதவனை நிறுத்தும் துணிவை நான் வேறு அதிகம் படங்களில் கண்டதில்லை.

மற்றது, மார்த்திகா ரமிரெஸ் எஸ்கோபார் இயக்கி 2022இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்ற "லியோனோர் வில் நெவர் டை". ஒருகாலத்தில் சண்டைப் படங்கள் எழுதிய லியோனோர் பாட்டி, மேலேயிருந்து விழுந்த தொலைக்காட்சிப் பெட்டி தலையில் பட்டு நினைவிழக்கிறார்; விழிக்கும்போது தாமே எழுதி முடிக்காத கதைக்குள் இருக்கிறார். அங்கே ரொன்வால்டோ என்னும் கட்டடத் தொழிலாளி, கொல்லப்பட்ட சகோதரனுக்காகப் பழிவாங்கக் கிளம்புகிறான். ரொன்வால்டோ என்பது பாட்டியின் இறந்துபோன மகனின் பெயர். அந்த மகன் ஆவியாக வீட்டுக்குள் சர்வசாதாரணமாக நடமாடுகிறான், அவனைக் கண்டு யாரும் அலறுவதும் இல்லை. பூப்போட்ட வீட்டு உடையோடு, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, அடுத்து என்ன வசனம் வரும் என்று உதடசைத்தபடி நிற்கும் ஷீலா பிரான்சிஸ்கோவின் முகத்தைப் பாருங்கள். வாள் நீண்டபோது பாதி உயர்ந்த அந்தக் கையை நான் அங்கே மறுபடி கண்டேன்.

இங்கே பத்துப் பதினைந்து ஆண்டு இருந்தும் மகாட்டியின் அடுக்குமாடியிலிருந்து இறங்காமல், தமிழ்ப் படம் வந்தால் மட்டும் கூடி, "இவர்களுக்கு என்ன சினிமா தெரியும்" என்று பேசும் நம்மவர்கள் இருக்கிறார்கள். வந்த புதிதில் அவர்கள்தான் உங்களை முதலில் சாப்பிட அழைப்பார்கள். போங்கள், அன்பானவர்கள்தான். ஆனால் படங்களைப் பற்றிய அவர்கள் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் தகலோக் மொழியைப் படித்தது எந்த வகுப்பிலும் அல்ல, இந்தப் படங்களில்தான். இன்று அலுவலகக் கூட்டத்தில் நான் அந்த மொழியில் பேசும்போது எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவதில் எனக்குப் பெருமை உண்டு.

நடைமுறைக்கு வருகிறேன். லியோனோரை வருவதற்கு முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள். விழா நாட்களில் எல்லாப் படங்களுக்கும் ஆங்கில வசனவரி இருக்காது, சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உள்ளூர் நண்பர் ஒருவரை அழைத்துப் போங்கள். தேசிய கீதம் ஒலித்தால் வலக்கையை நெஞ்சில் வைத்து எழுந்து நில்லுங்கள். அரங்கின் குளிருக்கு ஒரு கம்பளிச்சட்டை வேண்டும். மாயாஜாலப் படம் எதுவானாலும் 25 அல்லது 26ஆம் தேதியே பார்த்துவிடுங்கள். கூட்டம் சேராத படத்தின் காட்சிகளைத் திரையரங்குக்காரர்கள் சில நாட்களிலேயே வெட்டிவிட்டு, ஓடுகிற சிரிப்புப் படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மாத இறுதிச் சம்பளத்துக்குக் காத்திருந்தால் நீங்கள் பார்க்க நினைத்த படம் ஊரின் மறுகோடியில் இரவு ஒன்பதரைக் காட்சி ஒன்றில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.